வெள்ளைப் பிரதி

அந்த அலுவலகத்தில் 'வெள்ளைப் பிரதி' என்றால் ஒரு வரியும் மறைக்காத அறிக்கை. அது பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். வெளியாட்களுக்குக் குமாஸ்தா மை பூசித்தான் கொடுப்பார். கிடங்குத் தீ விபத்து அறிக்கையில், மறைக்கச் சொன்ன வரிகளோடு கொசுறாகத் தன் தம்பியின் பெயரையும் மறைத்துவிட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், தீயில் இறந்த காவல்காரரின் மனைவி அந்த மை பூசிய பிரதியோடு வந்தாள்.

"கதவை வெளியே பூட்டினது உங்க தம்பியாமே?"

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளை வாங்கிப் பார்த்தார். மை அப்படியே இருந்தது.

"யாரும்மா சொன்னது?"

"என் வீட்டுக்காரர்தாங்க. காலையில உக்காந்து படிச்சுச் சொன்னாரு."

குமாஸ்தா அலமாரியைத் திறந்து, வெள்ளைப் பிரதியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க சார். அவருக்கு இருட்டு பழகிடுச்சு."