அடுப்புக்கு மேலே ஓர் ஓட்டை

"இந்த ஓட்டை வழியா இதுவரைக்கும் எத்தனை மூட்டை காப்பி வெளிய போச்சு? மரியாதையா சொல்லிடுங்க."

பழனியாண்டிக் கங்காணி தடியால் சுவரைத் தட்டினார். இலங்கையில் கடுகண்ணாவைக்கு மேலே இருந்த அந்தக் காப்பித் தோட்டத்துக்கு அவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. புதுக் கங்காணிகளுக்கே உரிய விறைப்பு அவரிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பரா லெட்சுமணனுடையது. சன்னலே இல்லாத ஒற்றை அறை. இப்போது பின்சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, முழ அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதை ஒரு சாக்கு மறைத்துத் தொங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம், காப்பி மூட்டைகளை அடுக்கும் ஸ்டோருக்குப் போகிற பாதை. தோட்டந்தோறும் காப்பி களவு போகிற காலம் அது.

"காப்பி போகலீங்க. புகைதான் போவுது," என்றாள் அவன் மனைவி நல்லம்மா.

"இருபது காம்பரா, இருபது அடுப்பு. யாருக்கும் இல்லாத புகையா உனக்கு?"

"எல்லாருக்கும்தாங்க இருக்கு. அவுங்க இருமிக்கிட்டு இருக்காங்க. நாங்க இடிச்சுட்டோம்."

கங்காணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார்.

"பதினாலு வருஷமா இங்கதானே இருக்கீங்க? இப்ப என்ன அவசரம்?"

"மருமக வருதுங்க. மகன் கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஊருச் சீமையில கட்டிக்கிட்டுக் கூட்டியாறான். மாத்தளைக்கு வந்துட்டாங்கன்னு சேதி. இனிமே இந்த அடுப்படியில குந்தப் போறது அந்தப் புள்ளதான்."

"நீ பதினாலு வருஷம் குந்துன அடுப்புதானே? அந்தப் புள்ளைக்கு மட்டும் ஆகாதோ?"

லெட்சுமணன் தொண்டையைச் செருமினான்.

"ஐயா, இவளுக்கு வந்து..."

"நீங்க சும்மா இருங்க." அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கங்காணியின் சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"பாரும்மா. நல்லம்மா கூடையில ஒரு பச்சைக்காய் இருக்காது, அத்தனையும் பழம்னு துரையே சொன்னாரு. புருஷனும் பொண்டாட்டியும் ஒருநாள் கூட வேற வேற செடி நிரையில நிக்கிறதில்ல. நல்ல வேலைக்காரங்கன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா ஸ்டோர் காவக்காரன் வேற கதை சொல்றான். தெனமும் சாயங்காலம் இந்த ஓட்டையில மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறியாம். யாருக்குச் சாடை காட்டுற?"

"மகன் வர்றானான்னுதாங்க நிக்கிறேன்."

"இதை நான் நம்பணுமாக்கும்! துரைகிட்டப் போனா ரெண்டு பேரும் கண்டி மறியல்ல கம்பி எண்ணிக்கிட்டுத்தான் கெடப்பீங்க. வர்ற மருமக பூட்டின கதவுக்கு முன்னாடி நிக்கும்."

லெட்சுமணன் மருமகளை நினைத்தான். அத்தனை காடும் மழையும் தாண்டி நடந்து வருகிற பெண்ணாயிற்றே. வந்த இடத்தில் யாரிடம் போய் நிற்பாள்?

கங்காணி சட்டென்று சாக்கை விலக்கி வெளியே விரலை நீட்டினார்.

"அந்தா, பலாமரத்தடியில நிக்கிறான் பாரு, செவப்புத் தலைப்பா. அவன்தானே உன் கூட்டாளி? நல்லாப் பாத்துச் சொல்லு."

நல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டையருகே வந்தாள். முகத்தை வெளியே நீட்டி வெகுநேரம் நின்றாள். சாரல் கன்னத்தில் அடித்தது.

"சத்தியமா அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல."

கங்காணி அவள் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூலையில் கிடந்த அலவாங்குக் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"ஐயா, ஒண்ணும் பண்ணிடாதீங்க!" என்று லெட்சுமணன் பதறினான்.

"தள்ளு. இந்த ஓட்டை பத்தாது."

மண்சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை இன்னும் ஒரு சாண் அகலமானது. துரை கேட்டால், இடிக்கச் சொன்னதே தான்தான் என்று சொல்லிக்கொள்வதாகக் கங்காணி சொன்னார். நல்லம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

லெட்சுமணன் மழையில் அவர் பின்னாலேயே ஓடினான்.

"திடீர்னு எப்படிங்கய்யா எங்கள நம்புனீங்க?"

கங்காணி நின்றார்.

"பலாமரத்தடியில ஆளே இல்லப்பா. அவ மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்க நான் விட்ட புளுகு. கண்ணு தெரிஞ்சவளா இருந்தா, 'அங்க யாருமே இல்லியே'ன்னுல்ல சொல்லியிருப்பா? கண்ணு தெரியாதவ யாருக்குச் சாடை காட்டுவா? அந்த அடுப்புப் புகை குடிச்ச கண்ணுதானே? வேலைக்கு ஆகாதுன்னு பேர வெட்டிடுவேன்னு பயந்து மறைச்சிருக்கீங்க. விரலால தொட்டே பழம் பறிக்கிறவ பேர நான் ஏன் வெட்டுறேன்? மருமக கண்ணாவது பொழைக்கட்டும். ஆனா இது வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

லெட்சுமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"லயத்துக்கே தெரியுங்கய்யா. மூணு வருஷமா எல்லாருமாச் சேந்து துரைக்கும் கங்காணிமாருக்கும்தான் தெரியாமப் பாத்துக்கிட்டோம்."