முன்வரிசை நாற்காலி

மறுநாள் வழக்கு. லவினியாவோ கோர்ட்டுக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள், மடியில் பாதி தைத்த தொப்பியோடு.

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று பாஸ்டனில் அந்தத் தெருவே பேசிக்கொண்டது. பேசாமல் என்ன செய்யும்? புருஷன் ஓபெட் ஃபார்னம் ஏழு வருஷம் பாடுபட்டுச் செய்த தந்திக் கருவியை ஹாஸ்கெல் என்பவன் அப்படியே காப்பியடித்து, மூன்று மாநிலங்களுக்குக் கம்பி இழுத்துவிட்டான். நாளை தோற்றால் காப்புரிமை கைவிட்டுப் போய்விடும்.

ஓபெட்டுக்கோ கால் தரையில் பாவவில்லை. வக்கீல் பிராட் எதிர்க்கட்சி வக்கீலாக நடித்துக் கேள்வி கேட்க, இவர் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

"கருவியில இருக்கற காந்த இரும்புமேல வெறும் கம்பியை அடுக்கடுக்கா சுத்தினா ஒண்ணோட ஒண்ணு உரசி மின்சாரம் வீணாப் போகும். நூல் சுத்தின கம்பி வேணும்னு முதல்ல யாருக்குத் தோணிச்சு?"

"எனக்குத்தான். ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தேழாம் வருஷக் குளிர்காலம், இதே அறையில பளிச்சுனு தோணிச்சு. அடுத்தவன் மூளையில உதிச்சதைத் தன்னுதுன்னு சொல்றவன் மனுஷனே இல்லை, ஐயா."

வக்கீலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதே வேகத்தில் சொன்னால் ஜெயித்த மாதிரிதான் என்றார். ஒரே ஒரு குறை. அன்றைக்குக் கூட இருந்தது மனைவி மட்டும்தான். சட்டப்படி புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே ஆள் என்பதால் அவள் சாட்சி செல்லாது.

சாட்சி சொல்ல வேண்டாம், முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார் ஓபெட். பார்த்தால் ஜூரிகளுக்குக் கொஞ்சம் இரக்கமாவது வருமே.

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"நான் ஜெயிக்கணும்னு துளியாவது நினைப்பிருக்கா உனக்கு?"

லவினியா தொப்பி விளிம்புக்குள் கம்பியைச் செருகி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இருக்கறதாலதான் வரலை" என்று வக்கீல் பக்கம் திரும்பினாள். "தொப்பிக் கம்பி நூல் சுத்தியே கடையில கிடைக்குது, அதைச் சுத்திப் பாருங்கன்னு எடுத்துக் கொடுத்தது நான், வக்கீல் சார். நாளைக்கு இவர் பைபிள்மேல கைவெச்சுட்டு, தனக்குத்தான் தோணிச்சும்பார். சட்டம் என் வாயைத்தான் கட்டியிருக்கு. ஜூரிங்க என் முகத்தைப் பார்த்தா, இவர் தோத்துடுவார்."