ஓடிப் போன நாள்

“அவ ஓடி போயிட்டா ஆன்ட்டி. சீனியர் வேல்குமார் கூட. உங்ககிட்ட சொல்லலையா?”

மெஷின் சத்தத்தில் காதில் விழாது என்று பாண்டியம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். செக்கிங் டேபிளுக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஆயம்மாளுக்கும் அது நன்றாகவே கேட்டது.

பேசியது மகள் நதியாவோடு படிக்கும் மோனிஷா. “மேம் வந்துட்டாங்க” என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். நதியாவின் போன் காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

பாண்டியம்மாளின் கையில் ஒரு பனியன். அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் பார்க்காமலே நல்ல பீஸ் பக்கம் தள்ளினாள்.

நதியா காலேஜில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். தினமும் ஒரு புது வார்த்தையோடு வீட்டுக்கு வருவாள். எச்.ஓ.டி. என்றால் யார், இன்டர்னல் என்றால் என்ன என்று தட்டில் சோறு காயக் காய விளக்குவாள். பெயிலாகி நிற்கும் பேப்பருக்குத்தான் அரியர் என்று பெயர். அது தெரியாமல், ஏதோ கம்பெனி தரவேண்டிய சம்பளப் பாக்கி என்று நினைத்து, “ஒனக்கும் நெறைய வரட்டும்த்தா” என்று வாழ்த்திய புண்ணியவதி பாண்டியம்மாள். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் லைன் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் போன வாரத்தோடு சரி. நதியாவின் அப்பா வீரணனுக்கு ஓர் அக்கா. ஊரிலிருந்து போன் செய்து, தன் மகனுக்கு நதியாவைக் கேட்டுவிட்டாள். அக்கா கேட்டு வீரணன் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். தையில் கல்யாணம். படிப்புக்கு முழுக்கு. இனி அந்த அக்காவே வேண்டாம் என்றால்தான் உண்டு. அவளோ உடும்புப்பிடிக்காரி.

காலையில் நதியா சாப்பிடவில்லை. “இப்படியே போனா நான் எங்கயாச்சும் போயிருவேன்மா” என்றாள். பாண்டியம்மாள் கம்பெனி வேனைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

இப்போது அதுவே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. பாத்ரூம் போனாள், வந்தாள், மறுபடி போனாள். யார் அந்த வேல்குமார்? எந்த ஊர்? ஒழுங்காகச் சோறு போடுவானா? பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக எப்படி மனசு வந்தது என்று மகள் மேல் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நீ என்ன கிழித்திருப்பாய் என்று உடனே தன் மேலும் வந்தது.

சூப்பர்வைசர் தரணீதரன் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தார். விரல் நுழையும் ஓட்டை.

“ஏனுங்க பாண்டியம்மா, ஒடம்பு சரியில்லீங்களா? ஊட்டுக்கு வேணா போங்க.”

ஆயம்மாளுக்கும் வீரணனின் ஊர்தான். அவனுடைய அக்காவுக்குப் பக்கத்து வீடு. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. பாண்டியம்மாள் கேட்டைத் தாண்டும்போது அவள் போனும் கையுமாக மாடிப்படியில் நின்றிருந்தாள். தடுக்கத் தெம்பில்லை.

மண்ணரையில் இருக்கும் வீட்டுக்கு வந்தும் கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். சாயப்பட்டறையிலிருந்து வீரணன் வர இன்னும் நேரம் இருந்தது. அவனிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் வீடு தீப்பற்றும் போலத்தான் இருந்தது.

பொழுது சாயும் நேரம் நதியா வந்தாள். தனியாக.

“தோசை ஊத்தும்மா. பசி உசுரு போகுது.”

பாண்டியம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள்.

விஷயம் விளங்க நதியாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள்.

மோனிஷா சொன்ன ஓ.டி. என்றால் ஆன் டூட்டி. காலேஜ் சார்பில் வெளியே போனால், கிளாஸில் இல்லாவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு காலேஜில் குவிஸ் போட்டி. காலேஜ் பஸ் நிறையப் பிள்ளைகள், கூட ஒரு மேடம். வேல்குமார் டீம் லீடர். போனில் சார்ஜ் இல்லை. முன்னாடியே சொல்லாதது மட்டும் வேண்டுமென்றே; அது உன் மேல் இருந்த கோபம் என்றாள்.

“செகண்ட் பிரைஸ்மா” என்று ஒரு சின்னக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

போன் அடித்தது. வீரணனின் அக்கா.

“ஏத்தா பாண்டியம்மா, நதியா ஓடிப் போயிட்டாளாமே. ஆயம்மா சொல்றா. அப்படிப்பட்ட புள்ளைய எம் மவனுக்கு எப்படி எடுக்க? நெசமா பொய்யா, ஒரு வார்த்தை சொல்லு.”

பொய் என்றால் ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக வந்து இறங்கிவிடுவார்கள். நிஜம் என்றால் ஊரெல்லாம் பெயர் நாறும்.

நதியா முதல் தோசையைப் பிய்த்து வாயில் போட்டபடி, நாளைய கிளாஸுக்கு எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

“நெசந்தான் மதினி” என்றாள் பாண்டியம்மாள். “காலைலயே ஓ.டி. போயிட்டா.”