நீலக் கதவு சர்ச்சு

சொகுசுக் கப்பல் முதல் தீவான பார்பேடாஸில் நின்றதுமே, ஜேனட் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நீலக் கதவு போட்ட சர்ச்சுன்னு போன்ல சொன்னீங்கல்லா, முதல்ல அங்க கொண்டு போங்க."

கணவர் நிக்கோலஸ் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். இதுபோன்ற கரீபியன் கப்பல்களில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஒவ்வொரு தீவிலிருந்தும் சொந்த ஊர் குளத்தூரில் இருந்த ஜேனட்டுக்குப் போன் போட்டு, அழகழகாக வர்ணித்தவர். மகன் ஷிஜின் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் இப்போதுதான் இருவரும் பயணிகளாக வந்திருக்கிறார்கள்.

இறங்கும் படியில் பாதியிலேயே நின்றார்.

"எடி, ஒரு காரியம் சொல்லணும். நான் ஒரு தீவுலயும் இறங்குனதில்ல. கப்பல் கரையில நின்னாலும் எனக்கு வேல உண்டு. சொன்னதெல்லாம் பயணிக போட்டுட்டுப் போன புஸ்தகத்துல பாத்ததாக்கும். நீ விசனப்படுவன்னு மறச்சிட்டேன்."

ஜேனட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள்.

"எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். நீங்க கடற்கரையில நிக்கேன்னு சொல்லும்போதெல்லாம், பின்னால பிளேட்டு கழுவுற சத்தமல்லா கேக்கும். வாங்க, அந்த சர்ச்சு உண்டுமான்னு ரெண்டு பேருமா தேடுவோம்."