ஸ்டிக்கர் இருந்த சதுரம்

காலையில் மனைவி உரித்தெறிந்த ‘எல்’ ஸ்டிக்கர் வாளி ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. அவள் லைசென்ஸ் வாங்கி வருஷமாகியும் அதை எடுக்க விடாத, பக்கத்து சீட்டை விட்டும் இறங்காத கணவர், இப்போது காரின் பின்பக்கம் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மெழுகு தேய்க்கிறார். சுற்றிலும் வெயிலில் வெளுத்த நீலம். ஸ்டிக்கர் இருந்த சதுரம் மட்டும் புதுக் கார் மாதிரி பளபளக்கிறது. தேய்க்கத் தேய்க்க அதுதான் இன்னும் மின்னித் தொலைக்கிறது. “மெழுகு காயட்டும்மா, துடைக்காம வெயில்ல எடுத்தா திட்டுத்திட்டா பிடிச்சிடும்.” “போன வாரமும் இதத்தான் சொன்னீங்க” என்றபடி அவள் ஏறி உட்காருகிறாள். துடைக்காத மெழுகின் வெள்ளை படர்ந்த கதவுகளோடு கார் வாசலைத் தாண்டி நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. மனசு மாறிவிட்டாளாக்கும் என்று அவர் ஓடுகிறார். நீளும் கை அவரிடமிருந்த துணியை வாங்கிக்கொள்கிறது. “நானே துடைச்சுக்கறேன்.”