செருப்பு கழற்றும் கூடம்

கேரம் போர்டில் பவுடர் தூவிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் கருணாகரன் கடைசியாகக் கடலுக்குப் போனார். படகு மட்டும் திரும்பியது. அதே போர்டில் இன்று எங்கள் மகள் உதயா இறுதி ஆட்டம் ஆடுகிறாள்; ஜெயித்தால் மாநிலப் போட்டி. ஒரு காலத்தில் ராயபுரத்தில் பாதிரியார்கள் படித்த கல்லூரியின் ஜெபக்கூடம் இது. பிறகு அரிசிக் கிடங்கு, புயலில் எங்களுக்கு அடைக்கலம், இப்போது கேரம் மன்றம். ஜன்னலின் வண்ணக் கண்ணாடி போர்டில் நீலம் சிந்துகிறது. சிவப்புக் காய் விழுந்துவிட்டது. தொடர்ந்து கடைசி வெள்ளையும் விழுந்தால் ஜெயம். "இன்னாடி, ஜெபம் பண்ணிகினு கீறியா? அடி" என்கிறாள் என் நாத்தனார் அங்கம்மா. உதயா சுண்டுகிறாள். வெள்ளை விழுகிறது. கூச்சல் கேட்டுத் தெருவே ஓடிவந்து, வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறது. பலிபீடத்தை எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் இதற்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. உதயாவின் அப்பாவும் அப்படி வந்ததில்லை.