மறுபடியும் துரு

"இந்த அதிசயத்தைப் பார்த்தியா? நேத்து முகம் தெரியற மாதிரி தேய்ச்சு வெச்சேன். இன்னிக்கு மறுபடியும் துரு!"

தையல்காரர் மோட்டார் சைக்கிளின் மட்கார்டைத் தூக்கிக் காட்டினார். விளிம்பெல்லாம் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது.

"நல்லா வேணும்!" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"ஓட்டப் போறதில்லம்மா. சும்மா தேய்க்கறேன்."

யார் நம்புவார்கள்? வேலை மெனக்கெட்டு பின்வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வினிகரில் ஊறப் போட்டு, கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்கிற மனுஷன் ஓட்டாமலா விடுவார்?

இந்த வண்டியில் போகும்போதுதான் பக்கவாதம் தாக்கி நடுரோட்டில் விழுந்து கிடந்தார். பிழைத்தது மறுபிறவி. வலது கை மட்டும் சரியாகவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் நழுவியது. கடையைப் பூட்டியாகிவிட்டது.

வண்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். கைக்குப் பயிற்சி செய்யவும் சொன்னார். இவர் இரண்டையும் தலைகீழாகச் செய்தார்.

கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் பலிக்காததால்தான் அந்தக் காரியத்தில் இறங்கினாள்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும், ஒரு கிண்ணத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு பூனை மாதிரி தாழ்வாரத்துக்குப் போவாள். தேய்த்து வைத்ததன் மேலெல்லாம் தெளித்துவிட்டு வருவாள். துரு போனால்தானே கழட்டினதையெல்லாம் வண்டியில் திரும்ப மாட்ட முடியும்? மாட்டினால்தானே ஓட்ட முடியும்?

கட்டின புருஷனுக்கே குழி பறிக்கிறோமே என்று உறுத்தும். ஆளைப் பறிகொடுக்கிறதுக்கு இது தேவலை என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

அன்றைக்கும் கிண்ணத்தோடு குனிந்தாள். தரையில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், எதிரே அவர்!

"ஆமாங்க, நான்தான்!" அவளுக்குப் பொங்கிவிட்டது. "திட்டணும்னா திட்டுங்க. இன்னொரு தடவை உங்களை ரோட்டுல அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

அவர் திட்டவில்லை. மூலையில் நின்ற வண்டியின் மேல் கிடந்த படுதாவை விலக்கினார்.

"எதை வெச்சு ஓட்டறது? எஞ்சின் எங்கே இருக்கு, பாரு."

அந்த இடம் வெறும் பொந்தாக இருந்தது.

"நீ கடைக்குப் போயிருந்தப்போ மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழட்டிக் குடுத்துட்டேன். ஓட்ட மாட்டேன்னு சொன்னா நீ நம்பினாத்தானே!"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது.

"அப்புறம் எதுக்குங்க இதைப் போட்டு இப்படித் தேய்க்கறீங்க?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். பிடி இறுகியது.

"விடுங்க, வலிக்குது..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிடித்திருந்தது வலது கை!

"சும்மா விரலை மடக்கு, நீட்டுன்னா எனக்கு ஓடல. கைக்கு ஒரு வேலை இருந்தாத்தான் ஓடுது. தேய்க்கத் தேய்க்க, விரல் ஒண்ணொண்ணா வழிக்கு வந்துச்சு. குணமாகறது பாதியில நின்னுட்டா நீ ஏமாந்துடுவியேன்னுதான் சொல்லல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பாவி நான்! இது தெரியாம தினமும் உப்பைத் தெளிச்சு உங்க பாடு அத்தனையையும் வீணாக்கினேனே!"

"அட போடி! இருக்கிற துரு தீர்ந்துட்டா அப்புறம் எதைத் தேய்க்கறதுன்னு நானே கவலைப்பட்டுட்டிருந்தேன். மறுநாளே புதுசா வந்து நிக்கும். கடவுள்தான் போட்டு வைக்கிறார்னு நினைச்சேன்... நீதானா அது!"